மெஷின் யோசிக்கிற நேரம்

ஒரு ஜாதகம் கணிக்க எவ்வளவு நேரம் ஆகும்னு நினைக்கிறீங்க?

கைலாசம் கடையில முக்கால் மணி நேரம் ஆகும். ரெண்டு ஜாதகத்தைப் போட்டுப் பொருத்தம் பார்க்கணும்னா இன்னும் கூட. திருநெல்வேலி டவுன் மேல ரத வீதியில, ஒரு பாத்திரக் கடைக்கும் ஒரு காப்பிக் கடைக்கும் நடுவுல, 'கம்ப்யூட்டர் ஜாதகம்'னு போர்டு மாட்டி உட்கார்ந்திருந்தார். இது தொண்ணூத்தியேழுல. கைலாசத்துக்கு ஜோசியம் தெரியாது. டைப் அடிக்கத் தெரியும். பிறந்த தேதி, நேரம், ஊர் மூணையும் தட்டி விட்டா மெஷின் யோசிக்க ஆரம்பிக்கும். அது யோசிக்கிறது வெளியில கேட்கும். தேங்காய் துருவுற மாதிரி. கறக், கறக், கறக்.

அது பம்பாயில அவர் வேலை பார்த்த கம்பெனி கழிச்சுப் போட்ட மெஷின். கம்பெனியை மூடினப்போ அதைத் தூக்கிக்கிட்டு ரயில் ஏறிட்டார். சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம். அங்க போய் இறங்கினா 'வா'ன்னு சொல்ல ஆளில்லை. அதனால திருநெல்வேலியிலேயே இறங்கிக்கிட்டார். முன்னால கடை, பின்னால ஒரு ரூம். ரூம்ல ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு தலையணை. எதுலயும் ரெண்டு கிடையாது.

அவர்கிட்டப் பேசுறவங்க யாருன்னு பார்த்தா, காத்திருக்கிறவங்கதான். மெஷின் துருவ ஆரம்பிச்சதும் வந்தவங்க முதல்ல காலண்டரைப் பார்ப்பாங்க. அப்புறம் ஃபேனைப் பார்ப்பாங்க. பார்க்க வேற ஒண்ணும் இல்லாததால பேச ஆரம்பிப்பாங்க. எந்த வீட்டு மருமகள் கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கா, யாருக்கு மஞ்சள் காமாலை, லீவுல வந்த துபாய்க்காரர் ஏன் இன்னும் திரும்பிப் போகல, எல்லாம் கைலாசத்துக்குத் தெரியும். அவங்க ஜாதகத்துல என்ன வந்திருக்குங்கிறது மட்டும் தெரியாது.

மெஷினுக்கு வைத்தியம் பார்க்கிறவர் மேலப்பாளையம் தாஜ் முகம்மது. வெள்ளிக்கிழமை மட்டும் வேலையைத் தொட மாட்டார். மத்த நாள்ல கூப்பிட்டா ஸ்கூட்டர்ல வந்து நிப்பார். வந்தா ஒரே பாட்டுதான்.

"நாலு எம்பி மெமரியை வச்சுக்கிட்டு விண்டோஸ் ஓட்டுத ஆளு இந்த ஜில்லாவுலயே நீரு ஒருத்தர்தான் வே."

"ஓடுதுல்லா பாய்?"

"எங்க ஓடுது? ஊருது. அடுக்களை சின்னதா இருந்தா என்ன செய்வீரு? இருக்கிற சட்டியைத் தூக்கி வாசல்ல வச்சுட்டு அடுத்த சட்டியை உள்ள கொண்டாருவீரு. பெறவு இதை அங்கன வச்சுட்டு அதை இங்கன கொண்டாருவீரு. அதைத்தான் இது நாள் பூரா செய்யுது. அந்தச் சத்தந்தான் கேக்கு. பதினாறு எம்பி போடும். அடுக்களை பெருசாயிரும்."

"விலை?"

"பாதிக்குப் பாதி விழுந்துட்டு."

"இன்னும் விழட்டும்."

"விழுந்து தரையில கெடக்கு வே. நீரு குனிய வேண்டியதுதான் பாக்கி."

"பாப்போம் பாய்."

இந்தப் 'பாப்போம்'க்கு வயசு ஒண்ணு ஆயிட்டு. கைலாசம் குனியாததுக்குக் காரணம் வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

வெள்ளிக்கிழமை நெல்லையப்பர் கோயிலுக்குப் போயிட்டு வர்ற வழியில கோமு டீச்சர் கடைக்கு ஏறி வருவாங்க. பெண்கள் பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். நாப்பது வயசு இருக்கும், கல்யாணம் ஆகல. அண்ணன் பஞ்சாபகேசன் வீட்டு மாடியில தனியா ஒரு ரூம்ல இருந்தாங்க. அண்ணன் மகள் ஹம்ஸினிக்கு வரன் பார்த்துக்கிட்டிருந்தாங்க. வாரத்துக்கு ஒரு பையன் ஜாதகம் கையில இருக்கும்.

கைலாசம் ஃபேனுக்குக் கீழ உள்ள இரும்பு நாற்காலியை இழுத்துப் போடுவார். டீச்சர் அதைக் கர்சீப்பால துடைப்பாங்க. தூசி இருக்காது, ஏன்னா கைலாசம் மூணு மணிக்கே துடைச்சிருப்பார். பக்கத்துக் கடையில இருந்து ரெண்டு காப்பி வரும். மெஷின் கறக், கறக்.

டீச்சர் அந்த வாரம் பரீட்சைப் பேப்பர்ல பிள்ளைங்க எழுதின கூத்தையெல்லாம் சொல்வாங்க. ஒரு பிள்ளை, மூணு ஆள் எட்டு நாள்ல கட்டுற சுவரை ஆறு ஆள் எத்தனை நாள்ல கட்டுவாங்கங்கிற கேள்விக்கு, 'ஏற்கெனவே கட்டியாச்சு'ன்னு எழுதியிருந்ததாம். கைலாசம் பம்பாய் மழையைப் பத்திச் சொல்வார். ரயில்ல ஒருத்தர் தோள்ல ஒருத்தர் தலை வச்சுத் தூங்குவாங்க, ஆனா பேரு தெரியாதுன்னு சொல்வார். டீச்சர் காப்பியை ஆத்திக்கிட்டே, "இங்கயும் அப்படித்தான் சார்"னு சொல்வாங்க.

ஒரு தடவை கைலாசம் தேதியைத் தட்டினவர் நிறுத்திட்டார்.

"இந்தப் பையன் ஏற்கெனவே வந்த மாதிரி இருக்கே டீச்சர். அதே தேதி, அதே நேரம், அதே கும்பகோணம். பேரு மட்டும் வேற."

"இரட்டைப் பிள்ளையா இருக்கும் சார்."

"அப்போ அதே பொருத்தம்தான வரும்?"

"எதுக்கும் போட்டுப் பாருங்க. எங்க பள்ளிக்கூடத்துல இரட்டைப் பிள்ளைங்க ஒரே மார்க் எடுத்ததே கிடையாது."

போட்டுப் பார்த்தார். அதே மார்க்தான் வந்துச்சு. டீச்சர் அதை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டுப் போனாங்க.

இப்படியே போயிருக்கும். இடையில சொரிமுத்து வந்தார்.

மணிமுத்தாறுல இருந்து பேரனுக்கு ஜாதகம் எழுத வந்தவர். மெஷின் முக்கால்வாசி யோசிச்சு முடிச்சப்போ கரண்ட் போயிட்டு. வந்ததும் முதல்ல இருந்து யோசிச்சுது. மறுபடியும் போயிட்டு. மூணாவது தடவை யோசிச்சு முடிச்சப்போ கடைசி பஸ் போயிருந்துச்சு.

"எம் மகளுக்குப் பிரசவமே இதை விடச் சுருக்கா முடிஞ்சுது வே," அப்படின்னார் சொரிமுத்து.

கைலாசம் ரெண்டு இட்லிப் பொட்டலம் வாங்கியாந்தார். தலையணையைச் சொரிமுத்துக்குக் குடுத்துட்டு வேட்டியைச் சுருட்டித் தன் தலைக்கு வச்சுக்கிட்டார். சொரிமுத்து அவர் ஊர் அணைக்கு வர்ற யானையைப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தார். கைலாசத்துக்கு அந்த மாசத்துலயே நல்ல பொழுது அதுதான். ஆனா சொரிமுத்து ஊருக்குப் போய் அதையும் சொல்லியிருக்கார். அடுத்த வாரம் அதே ஊர்க்காரர் ஒருத்தர் ஜாதகம் எழுதப் போர்வையோட வந்து இறங்கினார்.

"அண்ணாச்சி, இது லாட்ஜ் இல்ல."

"தெரியும். இட்லி மட்டும் போதும்னு சொரிமுத்து சொன்னாரு."

வீட்டுக்காரர் மாடியில இருந்து எட்டிப் பார்த்தார். "கைலாசம், நான் ஜாதகத்துக்குத்தான் வாடகைக்கு விட்டேன். ஆளு படுக்கதுக்கு இல்ல. மெஷினைச் சரி பண்ணும். இல்ல, வேற இடம் பாரும்."

இப்போ முடிவு பண்ணியே ஆகணும். அந்த வெள்ளிக்கிழமை, காப்பி வந்ததுக்கு அப்புறம், கைலாசம் பைய ஆரம்பிச்சார்.

"டீச்சர், உங்ககிட்ட ஒரு யோசனை கேக்கணும். மெமரியைக் கூட்டலாமான்னு பாக்கேன்."

டீச்சர் டம்ளரைக் கீழ வச்சாங்க. "கூட்டினா?"

"சீக்கிரம் முடியும்."

"எவ்வளவு சீக்கிரம்?"

"நீங்க செருப்பைக் கழத்துறதுக்குள்ள."

டீச்சர் வாசல்ல கிடந்த தன்னோட செருப்பைப் பார்த்தாங்க. கைலாசம் அவங்க முகத்தைப் பார்த்தார். வேண்டாம்னு ஒரு வார்த்தை வந்திருந்தா, வீட்டுக்காரர்கிட்ட அழுது கால்ல விழுந்தாவது சமாளிச்சிருப்பார்.

"நல்லதுதானே சார்," அப்படின்னாங்க டீச்சர். "எத்தனை பேரு காத்துக் கிடக்கிறாங்க. உங்களுக்கும் வேலை மிச்சம்."

"ஆமா, ஆமா," அப்படின்னார் கைலாசம். அவருக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. பாவம், ஒரு வருஷமா இந்த டீச்சரைக் கட்டிப் போட்டு வச்சிருக்கோம், மரியாதைக்காகச் சொல்லாம இருந்திருக்காங்கன்னு தோணிட்டு. திங்கட்கிழமையே தாஜ் முகம்மதுவைக் கூப்பிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை டீச்சர் வந்தாங்க. கைலாசம் நாற்காலியை இழுத்துப் போட்டார். தேதியைத் தட்டினார். டீச்சர் கர்சீப்பை எடுத்து நாற்காலியில ஒரு பக்கம் துடைச்சாங்க. அதுக்குள்ள பிரிண்டர் கத்த ஆரம்பிச்சுட்டு.

"முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டு டீச்சர்."

ரெண்டு பேரும் பிரிண்டரைப் பார்த்தாங்க. அது தப்பு செஞ்ச மாதிரி சட்டுனு நின்னுட்டு. டீச்சர் காகிதத்தை வாங்கிக்கிட்டாங்க. நாற்காலியில துடைக்காம விட்ட பக்கத்தை ஒரு தடவை பார்த்துட்டு, "வரேன் சார்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அவங்க தெரு முக்கு திரும்பினதுக்கு அப்புறம்தான் காப்பி வந்துச்சு. ரெண்டையும் கைலாசமே குடிச்சார். அன்னைக்குத் தூக்கம் வரல. காப்பியாலதான்னு சொல்லிக்கிட்டார்.

அதுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை டீச்சர் வரல.

மத்தவங்க வந்தாங்க. வந்து சண்டை போட்டாங்க.

"என்ன அண்ணாச்சி, ஏற்கெனவே அடிச்சு வச்சிருந்ததை எடுத்துக் குடுக்கீங்களா?" அப்படின்னு கேட்டா ஒரு அம்மா.

"இல்லம்மா, இப்பத்தான் கணிச்சுது."

"அரிசி களையுற நேரங்கூட ஆகலையே. எம் பிள்ளைக்கு எம்பது வயசு வரைக்கும் போட்டிருக்கு. அதுக்குள்ள எல்லாத்தையும் எண்ணிட்டாக்கும்?"

"புது மெமரிம்மா."

"பழசுலயே போட்டுக் குடுங்க. அவசரம் இல்ல."

கைலாசம் மெஷின் முகப்புல இருந்த டர்போ பொத்தானை அமுக்கிப் பார்த்தார். அதை அமுக்கினா வேகம் குறையும்னு தாஜ் சொல்லியிருந்தார். அறுபத்தாறுன்னு எரிஞ்ச விளக்கு முப்பத்துமூணுன்னு எரிஞ்சுது. நாற்காலியில ஒரு பக்கம் துடைக்கிறதுக்குப் பதிலா ரெண்டு பக்கமும் துடைக்கலாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் ஒரு வழி கண்டுபிடிச்சார். கணிச்சு முடிச்சாலும் உடனே பிரிண்ட் போடாம, திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தார். வந்தவங்க பயந்துட்டாங்க. "ஏன் அண்ணாச்சி முகம் இப்படிப் போகுது? பிள்ளைக்குக் கண்டமா?" ஒருத்தர் அழவே ஆரம்பிச்சுட்டார்.

சரி, முகத்தைக் காட்டக் கூடாதுன்னு, மெஷினுக்குப் பக்கத்துல ஒரு விளக்கு ஏத்தி வச்சார். ஊதுபத்தி ஒண்ணு கொளுத்தினார். ஊதுபத்தி எரிஞ்சு முடியுற வரைக்கும் பிரிண்ட் வராதுன்னு சொல்லிட்டார். இது எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு. ரொம்பவே பிடிச்சுப் போச்சு. வாசல்லயே செருப்பைக் கழத்தினாங்க. ஒரு அம்மா திரைக்கு மேல குங்குமம் வச்சா. ஒருத்தர் கீபோர்டுல காணிக்கை போட்டார், அது இடுக்குல விழுந்து 'எ' எழுத்து நின்னு போச்சு. கடை நிறைய ஆள். இடம் பத்தாம தெருவுல நின்னாங்க.

ஆனா ஒருத்தரும் பேசல. கையைக் கட்டிக்கிட்டு மெஷினைப் பார்த்து நின்னாங்க. சாமி முன்னால நின்னுக்கிட்டு யாரு மருமகளைப் பத்திப் பேசுவாங்க? கைலாசம் ஒருத்தர்கிட்ட, "துபாய்க்காரர் திரும்பிப் போயிட்டாரா?"ன்னு கேட்டுப் பார்த்தார். அவர் வாயில விரலை வச்சு, "பூஜை முடியட்டும் சாமி"ன்னுட்டார். இப்போ கைலாசங்கிற பேரும் போயிட்டு. சாமி ஆயிட்டார்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவுல ஒரு வெள்ளிக்கிழமை தெருவுல கோமு டீச்சர் தெரிஞ்சாங்க. கையில மடிச்ச காகிதம் இருந்துச்சு. கைலாசம் எழுந்திரிக்கப் பார்த்தார். ஒரு கிழவர் அவர் கால்ல விழுந்துட்டார். கிழவரைத் தூக்கி நிறுத்திட்டுப் பார்த்தப்போ தெருவுல டீச்சர் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கைலாசம் விளக்கு ஏத்தல. கடைக் கதவைப் பாதி சாத்திட்டு, எதிர்த்த பூத்துல இருந்து தாஜ் முகம்மதுக்கு போன் போட்டார்.

"வெள்ளிக்கிழமை நான் வேலை பாக்க மாட்டேன்னு தெரியும்லா?"

"பாய், இன்னைக்கு வரலைன்னா நான் இதைத் தாமிரபரணியில தூக்கிப் போட்டுருவேன்."

தாஜ் வந்தார். சட்டையில அத்தர் வாசம். ஸ்க்ரூ கழட்டி மூடியைத் தூக்கினார். கொஞ்ச நேரம் உள்ளயே பார்த்துக்கிட்டிருந்தார்.

"என்னவே, பிளாப்பி போடுத வாய்க்குள்ள திருநீறு கெடக்கு."

"அது கெடக்கட்டும். மெமரியைக் கொறைக்கணும்."

"கூட்டணும்னு சொல்லுதீரா?"

"கொறைக்கணும். பழைய நாலு எம்பியைத் திரும்பப் போடும்."

தாஜ் ஸ்க்ரூ டிரைவரைக் கீழ வச்சார். "ஊர்ல எல்லாவனும் கூட்டணும் கூட்டணும்னு வாரான். கொறைக்கணும்னு வந்த ஆளு நீரு ஒருத்தர்தான். பழசு எங்க இருக்கு? அது அன்னைக்கே குப்பையில போயிட்டு."

"அதே மாதிரி வேற?"

"அதையெல்லாம் இப்ப எவன் செய்யுதான்? உமக்கு என்ன ஆச்சு? வேகம் உம்மள என்ன பண்ணுச்சு?"

கைலாசம் துடைச்சு வச்ச இரும்பு நாற்காலியைப் பார்த்தார். மூணு மணிக்கே துடைச்சாச்சு. டீச்சர் வர ஆரம்பிச்ச நாள்ல இருந்து வழக்கம், நிறுத்த முடியல.

அப்போ பாதிக் கதவு திறந்துச்சு. கோமு டீச்சர்.

"மெஷின் ரிப்பேரா சார்?" அப்படின்னு கேட்டாங்க. ரிப்பேரான மெஷினைப் பார்த்து ஒரு ஆள் அவ்வளவு சந்தோஷமாக் கேட்டு கைலாசம் பார்த்ததில்லை.

"இல்ல டீச்சர். சும்மா..." அப்படின்னு இழுத்தார்.

மூடிக்குப் பின்னால இருந்து தாஜ் முகம்மது தலையை நீட்டினார். முகம் மலர்ந்துட்டு.

"அட, கோமு டீச்சரா? வாங்க வாங்க. வீட்ல பென்டியம் கம்ப்யூட்டர் நல்லா ஓடுதா? போன வருஷம் நான் மாட்டிக் குடுத்தது, ஒரு நாளாவது நின்னிருக்கா சொல்லுங்க. இவருகிட்ட இருக்க இதே ஜாதக புரோகிராம்தான அதுலயும் ஏத்தினோம். ஹம்ஸினி பாப்பாவுக்கு வார ஜாதகத்தையெல்லாம் டீச்சரே மாடியில உக்காந்து பொருத்தம் பாத்துருதாகன்னு உங்க அண்ணன் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாரு. ஒரு நொடியில வந்துருதாம்லா?"

மெஷின் வாயைப் பிளந்துக்கிட்டுக் கிடந்துச்சு.

டீச்சர் கையில இருந்த காகிதத்தை நீட்டினாங்க. யாரு முகத்தையும் பார்க்காம இருக்க அவங்களுக்கு அது ஒண்ணுதான் கிடைச்சுது. கைலாசம் வாங்கிப் பிரிச்சார். அதே தேதி. அதே நேரம். அதே கும்பகோணம்.

"இதுவும் அந்த இரட்டைப் பிள்ளையில ஒண்ணா டீச்சர்?"

டீச்சர் கர்சீப்பை எடுத்து மடிச்சாங்க. மறுபடியும் பிரிச்சாங்க.

"மொத்தம் மூணு பிள்ளைங்களாம் சார்."

தாஜ் முகம்மது ஒருத்தர் முகத்தைப் பார்த்தார். இன்னொருத்தர் முகத்தைப் பார்த்தார். அப்புறம் அவசரமா மூடியை எடுத்து மாட்ட ஆரம்பிச்சார்.

"நாளைக்குக் காலையில வந்து வாங்கிக்கறேன் சார்," அப்படின்னாங்க டீச்சர். "ரெண்டாவது சனிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு."

"நாளைக்கு டவுன் பூரா கரண்ட் கட்டு டீச்சர். கம்பி வேலை நடக்கு. சாயங்காலந்தான் விடுவாங்க."

"பேப்பர்ல பார்த்தேன் சார்," அப்படின்னாங்க.

மறுநாள் காலையில டவுன்ல கரண்ட் இல்லை. கோமு டீச்சர் வந்து உட்கார்ந்திருந்தாங்க.